தண்ணீர்க்கார மொலோனின் கல்யாண ஓட்டம்

ஆர்கோஸ் ராஜாக்கள் செய்த காரியங்களால் கெட்டவர்கள் ஏராளம். அந்தக் காரியங்களால் வயிறாரச் சாப்பிட்டு உடம்பு வளர்த்தவர்கள் என்று பார்த்தால் தண்ணீர்க்கார மொலோனின் குடும்பம் ஒன்றுதான் தேறும்.

நம் முதல் ராஜா இனாக்கோஸிடம் ஒருநாள் தெய்வங்களே பஞ்சாயத்துக்கு வந்தன. இந்த மண் ஹீரா தாயாருக்கா, கடலை ஆளும் பொசைடனுக்கா என்பது வழக்கு. புத்தியுள்ள மனிதன் அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்திருப்பான். நம் ராஜா எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, ஹீராவுக்கு என்று தீர்ப்புச் சொன்னார். பொசைடன் ஊரிலிருந்த ஊற்று, ஓடை, ஆறு அத்தனையையும் உறிஞ்சிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து கோடை பிறந்தால் ஆற்றில் கூழாங்கல் மட்டும்தான். ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்தது. மொலோனின் முப்பாட்டன் மட்டும் போய் ஒரு கழுதை வாங்கினான்.

லெர்னா ஊற்று ஒன்றுதான் வற்றாமல் இருந்தது. அங்கே போய்த் தோல்பையில் தண்ணீர் பிடித்து, கழுதைமேல் ஏற்றி, ஊருக்குள் கொண்டுவந்து விற்பது அந்தக் குடும்பத்தின் தொழிலாயிற்று. ஒரு பைத் தண்ணீருக்கு ஒரு பிடி வாற்கோதுமை கொடுக்கலாம், பாலாடைக்கட்டி கொடுக்கலாம். ஒன்றுமில்லாதவர்கள் நாலு நல்ல வார்த்தை கொடுத்தாலும் போதும். அதற்கு மயங்குவது மொலோன் ஒருவன்தான். அவன் தாய் மிர்த்தோவுக்கு இந்த வியாபாரம் பிடிக்காது. "நாலு நல்ல வார்த்தைய அடுப்புல வேக வெச்சுத் தரட்டுமாடா?" என்று தினமும் கேட்பாள். மொலோன் சிரிப்பான். ஆள் உயரம், அதைவிட அகலம். அவசரம் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. கழுதை நின்றால் அவனும் நிற்பான்; எதற்காக நின்றாய் என்று கேட்கமாட்டான்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மண்ணைப் போட இன்னொரு ராஜா வந்து சேர்ந்தார்.

அவர் பெயர் தனாவோஸ். நைல் நதி ஓடும் தேசத்திலிருந்து கப்பலேறி, ஐம்பது பெண்பிள்ளைகளோடு வந்து இறங்கினார். இறங்கிய கையோடு, "என் பாட்டிக்குப் பாட்டி இந்த ஊர்ப் பொண்ணு. சிம்மாசனம் எனக்குச் சேரணும்" என்றார். அப்போது ராஜாவாக இருந்தவர் கெலானோர். சாது மனிதர். இரண்டு பேரும் சபை முன்னால் நின்று பொழுது சாயும்வரை பேசினார்கள். தனாவோஸ் பேசினால் அவர் சொல்வது சரி. கெலானோர் பேசினால் அவர் சொல்வது சரி. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஊர் படுக்கப் போனது. விடிந்ததும் பார்த்தால், எங்கிருந்தோ வந்த ஓநாய் ஒன்று ஊர் மாட்டு மந்தையில் பாய்ந்து பெரிய காளையைக் கடித்துச் சாய்த்துவிட்டது. காளை யார்? கெலானோர். வெளியூர் ஓநாய் யார்? தனாவோஸ். அவ்வளவுதான், கிரீடம் கைமாறியது. செத்துப்போன காளையும் தன்னுடையதுதான் என்று கெலானோர் முனகியதை யாரும் காதில் வாங்கவில்லை. அவர் ஊரோரத்தில் வெங்காயம் போட்டுப் பிழைக்கப் போனார்.

அன்று பிடித்தது ஊருக்கு இந்தப் பைத்தியம். எந்த வழக்கு வந்தாலும் ஆர்கோஸ்காரன் வாயை மூடிக்கொண்டு ஏதாவது மிருகம் வருகிறதா என்று பார்க்க ஆரம்பித்தான். அண்ணன் தம்பி ஆலிவ் தோப்பைப் பிரிக்க வேண்டுமென்றால் காக்காய் எந்த மரத்தில் உட்காருகிறது என்று பார்த்தார்கள். ஒரு வீட்டில் மாமியார் மருமகள் சண்டையைக் கீரி தீர்த்துவைத்தது. மருமகள் பக்கம் ஓடியதாம். மாமியார் இன்றுவரை அந்தக் கீரியோடு பேசுவதில்லை.

அப்புறம் நடந்ததைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. சட்டென்று சொல்லிவிடுவோம். தனாவோஸின் அண்ணன் பிள்ளைகள் ஐம்பது பேர் துரத்திக்கொண்டு வந்து, பெண்களைக் கொடு என்று மிரட்டினார்கள். தனாவோஸ் சரி என்று கல்யாணம் செய்துவைத்தார். செய்துவைத்துவிட்டு ஒவ்வொரு மகள் கையிலும் ஒரு கத்தியைக் கொடுத்தார். முதலிரவு விடிந்தபோது ஒரே ஒரு மாப்பிள்ளைதான் உயிரோடு இருந்தான். அவன் மனைவிக்கு மட்டும் கை வரவில்லை. மற்றப் பெண்களின் கைகளைத் தெய்வங்களே வந்து கழுவிப் பாவம் போக்கினதாகச் சொன்னார்கள். ஆனால் தெய்வம் விட்டதை ஊர் விடவில்லை. ராஜாவின் மகள் தெருவில் வந்தால் கதவுகள் சாத்திக்கொண்டன.

அந்தப் பெண்களுக்கு ஒரு வித்தை தெரியும். எந்த மண்ணுக்கடியில் தண்ணீர் ஓடுகிறது என்று காலால் மிதித்தே சொல்லிவிடுவார்கள். மூலைக்கு ஒருத்தியாகக் கிணறு தோண்டத் தொடங்கினார்கள். மொலோன் தெருவுக்கு வந்து தோண்டியவள் நேலோ.

மொலோன் லெர்னாவிலிருந்து திரும்பிவந்து பார்க்கிறான், அவன் வீட்டெதிரே பெரிய குழி. விஷயம் புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வாழ்க்கையில் முதல்முறையாகக் கோபப்பட்டுப் பார்த்தான்.

"யாரது உள்ளே? வெளிய வா, பேசணும்!"

குழிக்குள்ளிருந்து ஆள் வரவில்லை. சேறு நிறைந்த கூடை ஒன்றுதான் கயிற்றில் ஆடிக்கொண்டு வந்தது.

"இத வாங்கி அந்தப் பக்கம் கொட்டு. அப்புறம் பேசு" என்றது ஒரு குரல்.

கொட்டினான். அடுத்த கூடை வந்தது. அதையும் கொட்டினான். கோபத்தை எங்கே விட்டோம் என்று தேடுவதற்குள் சேற்று மலை அவன் இடுப்புவரை வந்துவிட்டது. கடைசியில் ஏணியில் ஏறி அவள் வந்தாள். தலைமுதல் கால்வரை சேறு. கண் இரண்டும் பல்வரிசையும்தான் வெள்ளை.

"இப்ப சொல்லு. என்ன பேசணும்?"

"நான் தண்ணி விக்கிறவன்ங்க. நீங்க இங்க கெணறு தோண்டினா நான் எங்க போறது?"

நேலோ ஒரு குவளைத் தண்ணீரை நீட்டினாள். புதிதாய் ஊறிய தண்ணீர். மொலோன் குடித்தான். உப்பு என்று சொல்லியிருக்கலாம், பித்தளை வாசம் அடிக்கிறது என்று சொல்லியிருக்கலாம். தொழில் பிழைத்திருக்கும். அவனால் முடியவில்லை.

"லெர்னா தண்ணியவிட நல்லாருக்குங்க" என்றான். "அதான் கஷ்டமா இருக்கு."

நேலோ அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த ஊரில் அவளிடம் யாரும் இத்தனை வார்த்தை பேசியதில்லை. அவள் சிரித்தபோது முகத்துச் சேறு வெடித்து உதிர்ந்தது. அத்தோடு மொலோன் காலி. அன்றிலிருந்து அவன் லெர்னா பக்கம் போகவில்லை. அவளுக்குக் கூடை இழுத்தான், கயிறு முறுக்கினான். பின்னாளில் ஆர்கோஸில் பாதிக் கிணறுகளில் ஆடியது அவன் முறுக்கிய கயிறுதான்.

ஒருநாள் இருவரும் அத்திப்பழம் தின்றுகொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தபோது மனசில் இருந்ததைக் கேட்டேவிட்டான்.

"கொன்னது நெசமாங்க?"

"நெசம்."

"ஏங்க?"

"அப்பா சொன்னாரு."

"வேணாம்னு சொல்லியிருக்கலாமே?"

"நீ உங்கம்மா சொன்னதுக்கு என்னிக்காச்சும் வேணாம்னு சொல்லியிருக்கியா?"

மொலோன் உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். ஒருதரம்கூட இல்லை. பையிலிருந்த நல்ல பழத்தைப் பொறுக்கி அவளிடம் கொடுத்தான்.

இதற்கிடையில் ராஜாவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. வீட்டில் இத்தனை பெண்கள். பெண் கேட்டு ஒரு நாய்கூட வாசற்படி மிதிக்கவில்லை. ஆகவே ஊரெங்கும் அறிவிப்புக் கொடுத்தார். மாப்பிள்ளை ஒரு ஆடு மாடு கொண்டுவர வேண்டாம். யார் வேண்டுமானாலும் வரலாம். வற்றிய ஆற்றுப்படுகையில் ஓட்டப்பந்தயம். மறுமுனையில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். முதலில் ஓடிவருபவன் பிடித்தவளின் அங்கி ஓரத்தைத் தொடலாம். தொட்டால் அவள் அவனுக்கு. அடுத்து வருபவன் மிச்சமிருப்பவர்களில் தொடலாம். தொட்ட பிறகு மாற்றிக் கேட்கக் கூடாது.

மொலோன் பேர் கொடுத்துவிட்டு வந்த செய்தி அவனுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தது.

"ஹீரா தாயே!" என்று மிர்த்தோ மார்பில் அடித்துக்கொண்டாள். "ஊர்ல கண்ணு மூக்கோட வேற பொண்ணே இல்லையாடா? மொதல் புருஷன அறுத்துப்போட்டவதான் வேணுமா?"

"அவங்க நல்லவங்கம்மா."

"நல்லவதான்! செத்தவனுங்க யாராச்சும் வந்து இல்லன்னு சொன்னானா?"

"தண்ணி நல்லாருக்குன்னு நீயே சொன்னியேம்மா."

"தண்ணி நல்லாருந்தா குடி. கட்டிக்காத."

அவன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கயிறு முறுக்கினான். மிர்த்தோவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

பந்தயத்துக்கு வருவதாக இருந்தவர்கள் பத்துப் பேர்கூடத் தேறாது. ஆனால் அத்தனை பேரும் மொலோனைவிட வேகம். மொலோனைவிட வேகமில்லாதது ஆர்கோஸில் ஊர் எல்லைக்கல் ஒன்றுதான். தனக்கு முன்னால் ஓடுபவர்களில் ஒருவன் நேலோவைத் தொட்டுவிட்டால்? அதை நினைத்தாலே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலாவது ஓடித்தான் ஆகவேண்டும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். நேலோவைப் பற்றிக் கெட்டதாக நாலு வார்த்தை கிளப்பிவிட்டால் யாரும் அவளைத் தொடமாட்டார்கள்.

மீன் விற்கும் பெண்ணிடம் போய்க் குனிந்து, "யாருகிட்டயும் சொல்லாத. அந்த நேலோ இருக்காளே, தூக்கத்துல எட்டி ஒதைப்பாளாம்" என்றான். ஊரறியச் செய்வதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. காலையில் எட்டி உதைத்தவள் மதியத்தில் கடித்தாள். பொழுது சாய்வதற்குள் அவள் அக்கா தங்கைகள் அத்தனை பேருக்கும் கத்தி தீட்டிக் கொடுத்தவளாகி, கத்தி மழுங்கியதால் தன் புருஷனை வெறுங்கையால் முடித்தவளாகி, நைல் முதலையை வாலைப் பிடித்துச் சுழற்றியவளும் ஆகிவிட்டாள். மொலோன் தானே கேட்டு நடுங்கிப்போனான்.

ஊரே நடுங்கியது, கார்னோஸைத் தவிர. கார்னோஸ் குதிரை மேய்ப்பவன், ஊரிலேயே வேகமான கால். தன் தோள்களைத் தானே திரும்பிப் பார்த்துக்கொண்டு நடப்பவன். சந்தை நடுவில் நின்று மார்தட்டினான்.

"முதலைய வால்ல புடிச்சவளா? அப்ப அவதாண்டா எனக்கு! மத்ததெல்லாம் கோழிக்குஞ்சு. நேலோவ அடக்கினவன்னு பேர் எடுக்கல, என் பேரு கார்னோஸ் இல்ல!"

மொலோன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தன் கையாலேயே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயிற்று. நேராகக் கிணற்றடிக்குப் போய் ஒன்று விடாமல் ஒப்புவித்தான். நேலோ கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்து கை நிறையச் சேற்றை அள்ளி அவன் முகத்தில் அடித்தாள்.

"யோவ், எட்டி ஒதைப்பேனா நான்?"

"தெரியாதுங்க. சும்மா சொன்னேன்."

"முதலை?"

"அது நான் இல்லங்க. மீன்காரி."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அந்தத் தோளு பார்க்கிறவன் என்னை வளைக்கப் போறானாம். குதிரைய பழக்கற மாதிரி. ஓடுய்யா நீ. எந்திரிச்சு ஓடிக் காட்டு, பார்ப்போம்."

தெருவில் ஓடிக் காட்டினான். இரண்டு கோழிகள் அவனை முந்திப் போயின. நேலோ முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

பந்தயத்தன்று ஆற்றுப்படுகையின் இரண்டு கரையும் தலையாகத் தெரிந்தது. அவித்த பருப்பு விற்றார்கள், வறுத்த கடலை விற்றார்கள், திராட்சை ரசத்தில் தண்ணீர் கலக்காமலே குடித்தார்கள். மிர்த்தோ வீட்டுக் கழுதையோடு வந்திருந்தாள், மகனை மயக்கமாகவோ பிணமாகவோ ஏற்றிப் போக வசதியாக. முன்னாள் ராஜா கெலானோரும் ஒரு கூடை வெங்காயத்தோடு வந்திருந்தார்.

தனாவோஸ் கையை இறக்கினார். ஓடினார்கள். கார்னோஸ் முதல் பாய்ச்சலிலேயே மற்றவர்களை விட்டுப் போனான். அவன் பின்னால் மற்றவர்கள். அவர்களுக்குப் பின்னால் புழுதி. புழுதிக்கும் பின்னால் மொலோன். கூழாங்கல் ஒவ்வொன்றும் அவன் காலில் தனித்தனியாக வந்து குத்தியது. மூச்சு எங்கே போனதென்று தெரியவில்லை. கரையில் இருந்தவர்கள், "மொலோனு, கழுதைய அனுப்பியிருக்கலாமேடா!" என்று கத்தினார்கள்.

கார்னோஸ் முனையை நெருங்கிவிட்டான். நேராக நேலோவைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டு வருகிறான். அப்போது நேலோ ஒன்று செய்தாள். அங்கியின் ஓரத்தை இரண்டு கையாலும் அள்ளி முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். கார்னோஸ் தொட வந்த இடத்தில் தொட ஒன்றுமில்லை. அவன் விழித்துக்கொண்டு நிற்கும்போதே அவள் அவனைத் தாண்டி, வந்த வழியே ஓட்டம் பிடித்தாள்.

பெண்கள் ஓடக்கூடாது என்று ராஜா சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கார்னோஸ் சுதாரித்துக்கொண்டு திரும்பித் துரத்தினான். நடுவில் வந்துகொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். முதலையைச் சுழற்றியவள் எதிரே பாய்ந்து வந்தால் யார்தான் நிற்பான்? கரையே எழுந்து நின்று கூச்சல் போட்டது.

"மொலோனு, ஓடிப்போயிடு! கொல்ல வராடா!"

மொலோன் மட்டும் ஓடுவதை நிறுத்தவில்லை. நிறுத்துவது எப்படி என்று அவனுக்கு மறந்துவிட்டது. கால் ஒரு கல்லில் இடறியது. முகம் குப்புற, கையிரண்டும் முன்னால் நீட்டிக்கொண்டு, ஆற்றுப்படுகையே அதிரும்படி விழுந்தான். நேலோ அவன் தலைமாட்டில் வந்து நின்று, பிடித்திருந்த அங்கியைக் கீழே விட்டாள். அது அவன் விரல்மேல் விழுந்தது. அடுத்த நொடியே பின்னால் பாய்ந்து வந்த கார்னோஸ் பின்பக்க ஓரத்தைப் பற்றிக்கொண்டான்.

"நான்தான் மொதல்ல!" என்றான் கார்னோஸ்.

மொலோனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. வாயில் மண்.

தனாவோஸ் கரையிலிருந்து இறங்கி வந்தார். முனையை முதலில் எட்டியவன் கார்னோஸ்தான் என்று பேச ஆரம்பித்தார். கேட்டவர்களுக்கு அது சரியாகப் பட்டது. ஆனால் ஓரத்தை முதலில் தொட்டவன் தண்ணீர்க்காரன் என்றார். அதுவும் சரியாகப் பட்டது. கூட்டம் தன் வழக்கத்துக்கு வந்துவிட்டது.

"அடையாளம் பார்க்கணும்!"

"மிருகம் வரட்டும்!"

"மறுபடியுமா!" என்று அலறினார் கெலானோர். கூடையைத் தூக்கிக்கொண்டு, யார் அழைத்தும் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

உச்சிவெயிலில் ஆயிரம் பேர் வாயை மூடிக்கொண்டு மிருகத்துக்காகக் காத்திருந்தார்கள். ஒருவன் தரையில் கிடக்கிறான், ஒருத்தி நடுவில் நிற்கிறாள், ஒருவன் அவள் அங்கியைப் பிடித்தபடியே இருக்கிறான். ஒரு ஓணான் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அது சேராது என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் ஒரு பெண் வாத்து கத்திக்கொண்டு படுகைக்குள் ஓடிவந்தது. பின்னாலேயே ஒரு வேட்டை நாய். கார்னோஸின் ஆட்கள், "பாத்தியா, நாய்தான் கார்னோஸ்!" என்று குதித்தார்கள். சொல்லி முடிக்கும் முன் வாத்து நின்றது. திரும்பியது. கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு நாயின் மூக்கில் ஒரு கொத்து. நாய் வாலைக் கவட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்த வழியே ஓடியது. வாத்து சாவகாசமாக நடந்து மிர்த்தோவின் கழுதைக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்தது.

"கழுதை யாரு?" என்று ஒருவன் கேட்டான்.

"அதான் கீழ கிடக்கே!" என்றான் இன்னொருவன்.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்காதவர் ராஜா ஒருவர்தான். ஓநாயால் ராஜாவானவர், இந்த விஷயத்தில் விளையாட மாட்டார். வாத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாய் முடிவு பண்ணல, கழுதையும் முடிவு பண்ணல" என்றார் மெதுவாக. "எங்க உட்காரணும்னு வாத்துதான் முடிவு பண்ணிச்சு." பிறகு மகள் பக்கம் திரும்பினார். "நேலோ, உனக்கு யாரும்மா வேணும்?"

கூட்டத்தில் சிரிப்பு நின்றுபோனது. நேலோ அப்பாவைப் பார்த்தாள்.

"இந்தக் கேள்விய அன்னிக்கே கேட்டிருந்தீங்கன்னா, அப்பா..." என்றாள்.

தனாவோஸ், பொழுதெல்லாம் வாதாடக்கூடிய மனிதர், தலையைக் குனிந்துகொண்டார். கார்னோஸ் பிடித்திருந்த அங்கியைத் தானாகவே விட்டுவிட்டான். அவன் கெட்டவன் ஒன்றுமில்லை, தோள்தான் பெரிது. போய் அவளுடைய அக்கா ஒருத்தியைத் தொட்டான். அடுத்த வாரமே அந்தம்மா சொன்ன பக்கமெல்லாம் தண்ணீர் சுமந்தான் என்பது வேறு கதை.

நேலோ குனிந்து மொலோனின் கையைப் பிடித்துத் தூக்கினாள். "எந்திரிய்யா. வாயில இருக்கற மண்ணத் துப்பு" என்றாள்.

அன்றைக்கே கல்யாணம். ராஜா வாத்தையும் கையோடு சீதனமாகக் கொடுத்தார். அந்தி சாய்ந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மிர்த்தோ வாசலிலேயே நின்றுவிட்டாள். அக்கம்பக்கத்தார் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

விடிந்தபோது மொலோன் வீட்டு வாசலில் அரை ஊர் கூடியிருந்தது. மிர்த்தோ அழுத கண்ணோடு எல்லா ஏற்பாட்டையும் செய்து முடித்திருந்தாள். ஒப்பாரிக்காரிகள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார்கள். அவர்களுக்குக் கூலியாகப் பேசிய பருப்பைப் பாதி முன்கூட்டியே கொடுத்தாயிற்று. சுவரோரம் புதிதாகக் கட்டிய பாடை ஒன்று சாத்தியிருந்தது. மொலோனின் அகலத்துக்கு ஏற்றபடி அகலமாகவே கட்டியிருந்தார்கள்.

கதவு திறந்தது. மொலோன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஒரு காலை நொண்டியபடி வெளியே வந்தான். பாடையைப் பார்த்தான்.

"அய்யோ, யாரும்மா போயிட்டா?"

"நீதாண்டா!" என்று கத்தினாள் மிர்த்தோ. ஓடிவந்து அவன் கழுத்தைத் தடவினாள், முதுகைத் திருப்பிப் பார்த்தாள், காதைப் பிடித்து இழுத்தாள். எல்லாம் இருந்தது. "பாவி, நீதாண்டா போயிட்டேன்னு நான் விடிய விடிய அழுதேன்!"

"பசிக்குதும்மா" என்றான் மொலோன்.

அப்போது நேலோ வாசற்படிக்கு வந்தாள். கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. அவள் கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. நேராக மிர்த்தோவிடம் வந்தாள். ராஜா வீட்டுப் பெண்ணாக வரவில்லை, பேச்சே தடுமாறியது.

"அத்தை, இவரு தூங்கிட்டாரு."

"என்னம்மா?"

"கதவச் சாத்தினதும், காலு வலிக்குதுன்னாரு. படுத்தாரு. கழுத்த இப்படி அண்ணாந்து போட்டுக்கிட்டு... என் பக்கத்துலயே... தூங்கிட்டாரு, அத்தை. பயமே இல்லாம."

"ஓடினதுல அலுப்பு" என்றான் மொலோன், குற்றம் செய்தவனாக.

மிர்த்தோ மருமகளின் முகத்தை முதல்முறையாக நெருக்கத்தில் பார்த்தாள். "நீ ஏன்டி தூங்கல?"

"எப்படித் தூங்கறது?" நேலோவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "இப்படிக் கிடக்கறாரே, யாராச்சும் வந்து ஏதாச்சும் பண்ணிட்டா என்ன பண்றதுன்னு உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன்."

ஒப்பாரிக்காரிகள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். மிர்த்தோ முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு மருமகளின் தோளைப் பிடித்து வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

"உள்ள போ. போய்ப் படு" என்றாள். "இவன நான் பார்த்துக்கறேன்."